எந்தக் கோர்ட்டுப் படி ஏறுவது?

கேள்வி: நம் நாட்டில் முன்சீப் கோர்ட்டில் தொடங்கும் வழக்கு டில்லி வரையில் ஒரே வழியாகப் போகிறது. அமெரிக்காவில் மட்டும் சமஷ்டி நீதிமன்றம், மாநில நீதிமன்றம் என்று இரண்டு எதற்கு? ஒன்று போதாதா?

பதில்: வழக்காடுகிறவருக்கு ஒன்றுகூட அதிகந்தான், ஆனால் சரித்திரம் அவருடைய சௌகரியத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஐக்கிய நாடு என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே 13 குடியேற்ற நாடுகளும் தத்தமக்கென்று நியாயஸ்தலங்களை வைத்து நடத்திக்கொண்டிருந்தபடியால், 1787இல் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சாசனம் வகுத்த பெரியோர்கள் அவற்றில் கை வைக்கத் துணியாமல், உச்ச நீதிமன்றம் ஒன்று இருக்கவேண்டும் என்று மட்டும் விதித்துவிட்டு, அதன்கீழ் வேறு சமஷ்டிக் கோர்ட்டுகள் வேண்டுமா வேண்டாமா என்ற தர்மசங்கடத்தைக் காங்கிரஸ் சபையின் தலையில் கட்டினார்கள். அச்சபை 1789இல் 6 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றத்தையும் 13 ஜில்லாக்களையும் ஏற்படுத்தியது. அது வளர்ந்து இன்று 94 ஜில்லா நீதிமன்றங்கள், 13 மேன்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 நீதிபதிகள் என்று நிற்கிறது. பக்கத்திலேயே 50 மாநிலங்களும் தத்தம் கோர்ட்டு வரிசையை வைத்திருக்கின்றன. அவை சமஷ்டிக் கோர்ட்டுகளுக்குக் கீழ்ப்பட்டவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமஷ்டிச் சட்டமோ சாசனமோ சம்பந்தப்படாத வழக்கில் மாநிலத்தின் உச்சிக் கோர்ட்டு சொன்னதே முடிவு. வாஷிங்டனிலுள்ள ஒன்பது பேரும் வாய் திறக்க முடியாது.

கேள்வி: பணம் இருந்தால் சமஷ்டிக் கோர்ட்டிலேயே வழக்குப் போட்டுவிடலாமா?

பதில்: பணம் வக்கீலுக்குப் போதும்; அதிகார எல்லைக்குப் போதாது. சமஷ்டிச் சட்டத்தினால் எழும் வழக்கு, ஐக்கிய நாட்டு அரசாங்கமே கட்சிக்காரராக உள்ள வழக்கு, திவால், கப்பல் விவகாரம் ஆகியவற்றோடு, வெவ்வேறு மாநிலப் பிரஜைகளுக்குள் 75,000 டாலருக்கு மேற்பட்ட தொகையைக் குறித்து நடக்கும் வியாஜ்யமும் அங்கே செல்லும்; அயலூரான் உள்ளூர் நீதிபதியிடம் அகப்பட்டு அவதிப்படக்கூடாது என்ற காருண்யத்தினால் விளைந்த ஏற்பாடு இது. ஆயினும் கணவன் டெக்ஸாஸிலும் மனைவி கலிபோர்னியாவிலும் கோடி டாலர் சொத்தோடு பிரிந்து நின்றாலும், விவாகரத்து என்று சொன்ன மாத்திரத்தில் சமஷ்டி நீதிமன்றம் கதவைச் சாத்திக்கொள்ளும். வீட்டு வாடகை, உயில், சாதாரணத் திருட்டு, கொலை என்று மனிதர்கள் வழக்கமாக மல்லுக்கு நிற்கும் காரியங்கள் பெரும்பாலும் மாநிலத்துக்கே உரியவை. ஆகவே அந்நாட்டு வழக்குகளில் மிகப் பெரும்பகுதி மாநிலக் கோர்ட்டிலேயே பிறந்து அங்கேயே மடிகிறது.

கேள்வி: அயல் மாநிலத்தானோடு சமஷ்டிக் கோர்ட்டில் வழக்காடினால் அங்கே செல்லுவது எந்தச் சட்டம்?

பதில்: இதற்கு விடை பிறப்பதற்காக ஒருவர் தம் வலது கரத்தை இழக்க வேண்டியிருந்தது. 1934இல் பென்ஸில்வேனியாவில் ஒருநாள் இரவு, தண்டவாளத்தை ஒட்டிய நடைபாதையில் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவரை, ஈரி ரயில்வே கம்பெனியின் கூட்ஸ் வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கதவு போன்ற ஏதோ ஒன்று அடித்துத் தள்ளியது. பென்ஸில்வேனியச் சட்டப்படி அவர் அத்துமீறிப் பிரவேசித்தவர். மனமறிந்து தீங்கு செய்தாலொழியக் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. அவருடைய வக்கீல்களோ, கம்பெனி நியூயார்க்கில் பதிவானது என்ற நூலைப் பிடித்துக்கொண்டு, நியூயார்க்கிலுள்ள சமஷ்டிக் கோர்ட்டுக்குப் போனார்கள். ஏனெனில் மாநில நீதிபதிகளின் தீர்ப்புகளைப் பொருட்படுத்தாமல், பொதுச் சட்டம் என்று தாமாகவே ஒன்றை அனுமானித்துத் தீர்ப்பளிக்கும் சம்பிரதாயம் 1842 முதல் சமஷ்டி நீதிபதிகளிடம் இருந்தது. ஜூரிகள் 30,000 டாலர் கொடுக்கச் சொன்னார்கள். கம்பெனி விடுமா? 1938இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பிராண்டைஸ், அப்படியொரு சமஷ்டிப் பொதுச் சட்டம் கிடையவே கிடையாது, சாசனமும் சமஷ்டிச் சட்டமும் ஆளாத விஷயங்களில் செல்லுவது மாநிலச் சட்டமே என்று எழுதி, 96 வருஷத்துச் சம்பிரதாயத்தைக் குழிதோண்டிப் புதைத்தார். அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் நெட்டுருப் போடும் வழக்கு அது. கையை இழந்தவருக்கு அந்தக் கீர்த்தி கிடைத்தது. டாலர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கேள்வி: என் தம்பி மகன் நியூயார்க் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்துவிட்டதாக எழுதியிருக்கிறான். இனிப் பயமில்லையே?

பதில்: விருந்தைச் சற்றே ஒத்திவையுங்கள். அம்மாநிலத்தில் விசாரணை தொடங்கும் இடத்துக்கே சுப்ரீம் கோர்ட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அப்பீல் பிரிவும், அதற்கும் மேல் ஆல்பனி நகரில் அப்பீல் கோர்ட்டும் உள்ளன. டெக்ஸாஸிலோ சிவிலுக்கு ஒன்றும் கிரிமினலுக்கு ஒன்றுமாக உச்சிக் கோர்ட்டே இரண்டு.

கேள்வி: அங்கே நீதிபதிகள் தேர்தலில் நிற்கிறார்களாமே, நிஜமா?

பதில்: பல மாநிலங்களில் நிஜம், டெக்ஸாஸில் கட்சிப் பெயரோடேயே நிற்பார்கள், தேர்தல் செலவுக்கு நன்கொடையும் திரட்டுவார்கள். நன்கொடை கொடுத்த வக்கீல் மறுநாள் எதிரே வந்து நின்றால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்களோ! சமஷ்டி நீதிபதிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜனாதிபதி நியமித்து செனட் சபை சம்மதித்துவிட்டால், நன்னடத்தை உள்ளவரையில் ஆயுள் பரியந்தம் பதவி. சம்பளத்தையும் குறைக்க முடியாது. தகப்பனார் வழியில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஸ்ரீ சீனிவாசன், 2013இல் செனட்டில் 97 பேர் ஆதரிக்க, எதிர்ப்பவர் ஒருவருமின்றி, வாஷிங்டன் நகரத்துச் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்து, 2020இல் அதன் தலைமை நீதிபதியானார். அவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கித் தரமுடியுமா என்று அடுத்த வாரம் கேட்கவிருக்கும் வாசகர்களுக்கு முன்கூட்டியே பதில்: முடியாது.