மேலிருந்து அடித்தால் 7, கீழிருந்து அடித்தால் 14

அதியன்னூர் டீக்கடை பெஞ்சில் பென்ஷன் வாங்கும் பட்டாளக்காரர் ஒருவராவது உட்காராத காலை கிடையாது. ஜவான்கள் அடித்துக்கொண்டால் அதிகாரி எப்படி விலக்குவார் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார். அப்புறம், "அதிகாரியே அடிச்சா யாரு வெலக்குவா? அத மொதல்ல சொல்லும்" என்பார்.

2012 மே மாதம், லடாக்கின் நியோமா. 226 பீல்டு ரெஜிமென்ட் அங்கே பீரங்கிப் பயிற்சிக்குப் போயிருந்தது. அதிகாரியின் மனைவியிடம் தவறாக நடந்தான் என்று ஒரு ஜவானை அதிகாரிகள் அடித்ததாகச் செய்தி. குற்றம் உண்மை என்றே வையுங்கள். அதற்குக் காவல் அறை உண்டு, விசாரணை உண்டு, கோர்ட் மார்ஷலும் உண்டு. இத்தனை இருந்தும் படித்த துரைமாருக்கு முதலில் ஞாபகம் வந்தது கைதான். ஜவான்கள் பொங்கினார்கள், கமாண்டிங் ஆபீசரே காயப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜம்முவின் சாம்பாவில் 16 கேவல்ரியின் கேரளத்து ஜவான் ஒருவர் தன்னையே சுட்டுக்கொண்டார்; அங்கேயும் கொதிப்பு. 2013 அக்டோபரில் மீரட்டில் 10 சீக்கிய இலகு காலாட்படையில் அதிகாரிக்கும் ஜவானுக்கும் கைகலப்பு. தொடங்கிய இடம் குத்துச்சண்டைப் போட்டி! மூன்று தடவையும் பாதுகாப்பு மந்திரி நம்ம சேர்த்தலைக்காரர் ஏ.கே. ஆன்டனி.

குறை கேட்க ஏற்பாடு இல்லாமலா? சைனிக் சம்மேளனம் இருக்கிறதே. முந்நூறு பேர் சப்பணமிட்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர் ஒரு மணி நேரம் பேசுவார். கடைசியில், "கோயி ஷக்?" சந்தேகம் உண்டா என்று கேள்வி. "நஹீன் சாப்!" ஒரே குரலில் கூரை அதிரும். லீவு கிடைக்காதவன், அறை வாங்கியவன், துரைவீட்டு நாய்க்கு வாக்கிங் காட்டியவன் எல்லோரும் சேர்ந்து போட்ட சத்தம் அது. அந்தச் சத்தத்தைத் திருப்தி என்று குறித்துக்கொண்டு பெரியவர் சாப்பிடப் போவார். விவரமுள்ள கமாண்டர் அன்று ராத்திரி ஜவான்கள் சாப்பிடும் லங்கரில் தட்டேந்தி உட்காருவார். சுபேதார் மேஜரைத் தனியே கூப்பிட்டு, எந்தக் கம்பெனியில் புகைகிறது என்று கேட்பார். புகையும்போதே கேட்பவருக்கு விலக்கிவிடச் சண்டையே மிஞ்சாது. இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேர் பேப்பரில் வருவதில்லை.

நாய் வாக்கிங் சும்மா சொன்னதில்லை. அதிகாரிக்குப் பணியாளாக ஜவானை விடும் சகாயக் முறையை ஒழிக்கச் சொல்லி நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு 2008லேயே எழுதிக் கொடுத்தது. கடற்படையும் விமானப்படையும் அது இல்லாமல் மூழ்கவும் இல்லை, விழவும் இல்லை. தரைப்படைக்கு மட்டும் பூட்ஸ் துடைக்க ஆள் இல்லாவிட்டால் எல்லையே ஆட்டம் கண்டுவிடுமாம்.

சட்டமாவது சமமா? ராணுவச் சட்டம், 1950. கடமையிலிருக்கும் மேலதிகாரியை ஜவான் அடித்தால் 40ஆம் பிரிவு: 14 ஆண்டு வரை சிறை. தனக்குக் கீழே உள்ளவனை அதிகாரி அடித்தால் 47ஆம் பிரிவு: 7 ஆண்டு வரை. கன்னம் என்னவோ இரண்டும் கன்னம்தான். ஜவான் கன்னத்துக்குப் பாதி விலை.

2022இல் அக்னிவீர் வந்தது. நெய்யாற்றங்கரைப் பையன்கள் அதற்கும் விடியுமுன் ஓடிப் பழகுகிறார்கள். வேலை 4 ஆண்டுதான். கை ஓங்கினால் சிறைக்கு மட்டும் அந்தப் பழைய 14 அப்படியே இருக்கிறது.