அந்த வீடுகளில் குளிருமா?

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். வேலை உறுதியாகிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் அப்போஸ்டில் முத்திரைக்குப் போயிருக்கிறது. மற்ற காகிதங்களும் ஒவ்வொன்றாய் வந்துவிடும். ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது வீட்டு விளம்பரங்கள்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் இதே ஊருக்குச் சுற்றுலா போயிருந்தேன். 1570-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சந்தை, 142 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் செம்மணற்கல் தேவாலயம் எல்லாம் பார்த்தேன். மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். விளக்குகளைச் சீக்கிரமே ஏற்றிவிடுகிறார்களே என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். அதிக நேரம் நின்றது ‘பெத்தித் பிரான்ஸ்’ பகுதியில். ஒரு காலத்தில் தோல் பதனிடுவோர் வாழ்ந்த கால்வாய்க்கரை அது. 1572-இல் கட்டிய வீடு ஒன்று இன்னும் நிற்கிறது. கறுத்த மரச்சட்டங்கள், நடுவில் களிமண்ணும் வைக்கோலும் அடைத்த சுவர்கள், தோல் உலரக் காற்று புகட்டும் என்று திறந்துவிட்ட கூரைமாடங்கள். இப்படி ஒரு வீட்டில் வாழக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

இன்று அதே மாதிரி வீட்டின் படம் வந்தால் முதலில் ஓரத்தில் இருக்கும் எழுத்தைத்தான் பார்க்கிறேன். வீட்டைச் சூடாக்க எவ்வளவு எரிசக்தி ஆகிறது என்பதையும் கணக்கிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஏ முதல் ஜி வரை தரம் போடுகிறார்கள். ஜி வாங்கிய வீட்டை 2025 ஜனவரி 1 முதல் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. 2028-இல் எஃப் தரத்துக்கும் அதே தடை வருகிறது. உத்திரம் தெரியும் பழைய வீடு, கால்வாய் பார்த்த ஜன்னல் என்று மனதை இழுக்கும் விளம்பரத்தைத் திறந்தால், பல நேரம் எஃப் என்றுதான் போட்டிருக்கிறது. குழந்தையோடு போகிறவன் அதற்கு மேல் படிப்பதில்லை.

குளிரை இவ்வளவு கறாராகச் சட்டத்துக்குள் கொண்டுவந்த நாடு என்பதில் எனக்கு மரியாதை உண்டு. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, வாடகை பாக்கி என்பதற்காக யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. 1954 பிப்ரவரி 1 அன்று, பாதிரியார் அபே பியேர் வானொலியில் பேசினார். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு பெண், வெளியேற்ற உத்தரவுக் காகிதத்தைக் கையில் பற்றியபடியே பாரிஸின் செபாஸ்தொபோல் பெருந்தெரு நடைபாதையில் உறைந்து செத்துக் கிடந்ததைச் சொன்னார். நாடே கலங்கியது. 1956-இல் இந்தக் குளிர்காலத் தடை சட்டமாக வந்தது. அந்தத் தெரு வடக்கே நீண்டு, ஸ்ட்ராஸ்பூர்க் பெருந்தெரு என்ற பெயரோடு கிழக்கு ரயில் நிலையத்தில் முடிகிறது. அந்த டிசம்பரில் டிஜிவி ரயில் பிடிக்க, பெட்டியை உருட்டிக்கொண்டு அந்த நடைபாதையில்தான் நடந்தேன். கடை ஜன்னல்களில் பொம்மைகள் சுழன்றுகொண்டிருந்தன.

அந்தப் பயணத்தில் வாழப்போகிறவனுக்குப் பயன்படும் வார்த்தை சொன்னவர் ஒருவர்தான். பாரிஸ் லா ஷப்பேலில் மளிகைக் கடை வைத்திருந்த ஈழத்து அண்ணா. என் கான்வாஸ் காலணியைப் பார்த்துவிட்டு, “தம்பி, கோட்டை விடுங்கோ, முதல்ல நல்ல சப்பாத்து வாங்குங்கோ. குளிர் காலாலதான் ஏறும்” என்றார். எண்பதுகளில் வந்து, வெப்பமூட்டி இல்லாத அறையில் நாலு பேரோடு முதல் குளிர்காலத்தைக் கழித்தவர். மிளகாய்த்தூளை நிறுத்துக்கொண்டே இதைச் சொன்னார். ஊர் திரும்பி எல்லாருக்கும் சந்தைப் படங்களைத்தான் காட்டினேன். இப்போது சாமான் பட்டியலில் முதல் வரி அவருடையது.

நேற்று ஒரு வீடு வந்தது. மூன்றாம் மாடி, எழுபதுகளில் கட்டிய அடுக்கு மாடி, பார்க்க ஒன்றுமில்லாத சாம்பல் நிறச் சுவர், தரம் சி. கண்ணாடி இரட்டையா, குழந்தையின் அறை எந்தத் திசை, ஜனவரியில் வெப்பமூட்ட எவ்வளவு கட்டினார்கள் என்று கேட்டு எழுதிவிட்டேன். தரகர் பதில் போட்டால் இன்றே முன்பதிவு.