வராத வைத்தியத்துக்கு ஒரு வாழ்த்துமடல்

சுகாதாரத்தைத் திருக்கரங்களில் தாங்கும் கொழும்புப் பெருந்தகைகளே! யாழ்ப்பாணத்தில் கொலுவீற்றிருக்கும் வடமாகாண நிர்வாகத் திலகங்களே! தலைமன்னார் முதல் முசலி வரையுள்ள குடிகள் நாம் கைகூப்பிச் செலுத்தும் வாழ்த்தை ஏற்றருள்க.

மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையை எத்தனையோ ஆண்டுகள் ஒரு சீ.டி. ஸ்கேன் கருவியின் தீண்டல்கூடப் படாமல் காத்தருளிய தங்கள் நுண்மதியை எந்த வாயால் புகழ்வோம்! அற்ப அரசுகள் அடிபட்டு வந்தவனை வந்த இடத்திலேயே சோதித்து, கட்டிலோடு முடக்கிப்போடும். தாங்களோ மண்டை உடைந்த மீனவனுக்கும் தேசாடனம் அருளிய வள்ளல்கள். "வவுனியாவுக்கு ட்ரான்ஸ்பர்" என்ற திருவாக்கு எழுந்ததும் மன்னார்த் தீவின் பாலம் கடந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் அரசாங்கச் செலவில் உலா. பேறுபெற்றவர்களுக்குப் பூநகரி வழியே யாழ்ப்பாணம். அது இன்னும் நெடிய உலா, கடற்காற்று வேறு. மயங்கிக் கிடந்ததால் வழிக்காட்சியை ரசிக்காமல் விட்டவர்கள் இருந்தால் குற்றம் அவர்களுடையதே.

பொறுப்பைத் தாங்கள் பங்கிட்டிருக்கும் அழகுதான் என்னே! யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திக்கு, மன்னார் வைத்தியசாலை மாகாணத்துக்கு. கொழும்பில் கேட்டால் "அது மாகாணத்துக்குரியது" என்று கனிவோடு விடை கிடைக்கும். மாகாணத்தில் கேட்டால் "நிதி மத்தியிலிருந்து வரவேணும்" என்று அதனினும் கனிவாக. ஏழைக்குத் தட்ட ஒரு கதவே இல்லாத நாடுகள் உண்டு, எமக்கோ இரண்டு. மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் தேர்தல் என்னும் தொல்லையும் எமக்கு இல்லை. எழுந்து நின்று கேள்வி கேட்க ஓர் உறுப்பினரும் இல்லாத அந்த அமைதியில் கோப்புகள் எவ்வளவு நிம்மதியாக உறங்குகின்றன!

தங்களைத் தாமதம் என்று தூற்றும் நன்றிகெட்டவர்கள் 2024ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஜூலையில், பிள்ளை பெற்று வீடு திரும்பிய தாய் ஒருத்தி இரத்தப்போக்கோடு மறுபடி வைத்தியசாலைக்கு வந்து இறந்தாள். விசாரணை வந்தது. நவம்பரில் ஒரு தாய், கூடவே அவள் சிசு. மறுபடியும் விசாரணை வந்தது. மருந்தாளரோ தாதியரோ வைத்திய நிபுணரோ பிந்தலாம். விசாரணைக் குழு பிந்தியதாக வரலாறு இல்லை.

எம் தீவின் அனாதைக் கழுதைகளுக்கென ஒரு தொண்டு நிறுவனம் சிகிச்சை நிலையமே அமைத்தது. நாம் பொறாமைப்படவில்லை. கழுதைக்கு வாக்குறுதி விளங்காது, ஆகவே அதற்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. எம்மைப்போல் அறிவுள்ள பிராணிகளுக்கு வாக்குறுதியே போதும் என்று கண்டுகொண்ட மாமேதைகள் தாங்கள்.

தாங்கள் மனம் வைத்தால் ஆகாதது ஒன்றில்லை என்பதற்கும் இத்தீவே சாட்சி. தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் 2020 டிசம்பரில் எம் தென்கரையில் எழுந்து நின்றன. 2025இல் மக்கள் வீதியை மறித்தும், பொலிஸ் பாதுகாப்போடு இன்னும் புதிய காற்றாலைகளுக்கான உதிரிப்பாகங்கள் தீவுக்குள் எழுந்தருளின. அத்தனை நீள இறக்கைக்கு இடம்கொடுத்த பாலம் ஸ்கேன் கருவிக்கு மட்டும் ஒடுங்கிப்போகும் மர்மத்தைப் பொறியியலாளர்தான் விளக்கவேண்டும். எமக்குப் பக்தி போதும்.

மன்னார் வைத்தியசாலையின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்கென 600 மில்லியன் ரூபா தர 2025இல் இந்தியா உடன்பட்டிருக்கிறது. அதையும் தங்கள் மரபு கெடாமல், பதறாமல், கல்வெட்டிலிருந்து தொடங்கிக் கட்டியருள்க. திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் தயார். ஒரேயொரு விண்ணப்பம்: ஹெலிகொப்டரில் எழுந்தருளுங்கள். மதவாச்சி வீதியால் வந்தால் எங்கள் அம்புலன்ஸ்கள் எதிரே வந்துகொண்டிருக்கும். தங்கள் வாகனத் தொடரணிக்கு வீண் இடைஞ்சல்.