பாடாணும் கைக்கிளையும்: ஃபிளெக்ஸ் பேனர்த் திணையியல் – ஒரு முன்னாய்வு

தன் மனத்துக்காக ஓவியம் தீட்டும் ஒருவர் தன் வயிற்றுக்காகப் பிறருடைய பிறந்தநாள் பேனரை வடிவமைப்பது, தமிழகத்தின் சிற்றூர்தோறும் ஃபிளெக்ஸ் கடைகளில் காணத்தக்க வாழ்வியல் நெறியேயாயினும், அதற்கு இலக்கணம் வகுத்த நூல் இன்றளவும் தோன்றவில்லை. இதுவே 'ஆய்வு இடைவெளி' எனப்படும்; அஃதாவது, எவரும் தேவையென்று கருதாததால் எழுதப்படாது கிடக்கும் பொருளுக்கு ஆய்வேட்டு வழக்கில் வழங்கும் பெயர்.

இவ்விருவகைத் தொழிலும் தொல்காப்பியம் கூறும் அகம், புறம் என்னும் பகுப்புள் அடங்கும். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாதென்பது விதி. கண்காட்சிகளில் சொந்த ஓவியத்தின் கீழே 'தலைப்பிடப்படாதது' என்று எழுதும் வழக்கம் இவ்விதியைப் பின்பற்றியதே என்க. புறமாகிய பேனரிலோ பெயர் கட்டாயம். பெயருடன் வார்டு, ஒன்றியம், கைப்பேசி எண் ஆகியனவும் வரும்.

புறத்திணைகளுள் ஆநிரை கவர்தலாகிய வெட்சி, இணையத்தில் பிறர் படத்தைக் கவர்ந்துவருதலாம். கோட்டையை முற்றுகையிடும் உழிஞை, வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு வடிவமைப்பாளரின் தோளருகே அமர்தலாம். நிலையாமை கூறும் காஞ்சி, 'மீதிப் பணம் நாளைக்கு' என்பதாம்.

புரவலரைப் போற்றும் பாடாண் திணையோ விரித்துரைக்கத்தக்கது. இதன் உயிர்நாடி தலையளவு, அஃதாவது ஒரே பேனரில் இடம்பெறும் முகங்களுக்குள் எது எவ்வளவு பெரியது என்னும் வரையறை. சிற்ப நூல்கள் உருவங்களுக்குத் தாலம் என்னும் முக அளவை வகுத்து, உத்தம தசதாலத்துக்கு 124 அங்குலமும் மத்திம தசதாலத்துக்கு 120 அங்குலமும் கூறுகின்றன. நான்கு அங்குல வேறுபாட்டில் தெய்வங்களின் தகுதி உணர்த்தப்படும் இந்நுட்பம் ஃபிளெக்ஸ் கடைகளில் அழியாமல் காக்கப்பட்டு வருகிறது. மறைந்த தலைவர்கள் மேல்வரிசையில் அஞ்சல்தலை அளவில் அமைவர். வாழும் தலைவர் பாதிப் பரப்பைக் கொள்வர். மாவட்டம் அதற்கடுத்தும் ஒன்றியம் அதனினும் சிறுத்தும் வரும். எனின், பணம் கொடுப்பவர் எங்கே நிற்பது? கொடுத்த பணத்துக்கேற்பத் தம் முகம் பெரிதாக வேண்டுமென்பது அவர் விருப்பம். மாவட்டத்தின் முகத்தினும் பெரிதானால் பதவி போய்விடுமென்பது அவர் அச்சம்.

இச்சிக்கலுக்குக் கடல்கொண்ட 'சதுரடியம்' என்னும் நூல் தீர்வு கூறிற்று. அந்நூலை எவரும் கண்டதில்லையாதலின் மறுப்பதற்கும் வழியில்லை. முகத்தைச் சிறிதாக்கி, உடலை முழுதாக்கி, வெள்ளைச் சட்டையுடன் நடந்துவரும் கோலத்தில் நிறுத்துக என்பது அதன் முடிபு. அந்நூலின் மூன்றாம் படலத்துக்கு எழுதப்பட்டு, ஏட்டைக் கறையான் முற்றிலும் அரித்துவிட்டமையால் பொருள் ஐயத்துக்கிடமின்றி விளங்கும் உரைக்குறிப்பொன்று, அவ்வுருவத்தின் வலக்கையில் காதோடு சேர்த்துக் கைப்பேசி ஏந்துவிக்க வேண்டுமென்கிறது. அவ்வுரைக்குறிப்பைத் தாம் காணாவிடினும் கண்டவரைக் கண்டதாகக் கூறும் பிற்கால உரைகாரர், கைப்பேசி இடக்கையில் இருத்தலே பழைய பாடமென்றும் வலக்கை வணங்குதற்குரியதென்றும் வாதிடுகிறார். ஒரு கையால் எங்ஙனம் கும்பிடுவதென்னும் வினாவுக்கு விடை கூறாமலே அவர் மரபுப்படி இறந்துபோனார். இடக்கையா வலக்கையா என்பது குறித்துக் கருத்தரங்கு நடத்தலாம். பதிவுக் கட்டணத்துள் மதிய உணவும் சான்றிதழும் அடங்குமாதலின், கட்டுரையை எவரும் படிக்க வேண்டிய கட்டாயமில்லை.

இனி அகம். கடை சாத்தியபின் வீட்டில் தீட்டப்படும் ஓவியம் எவரும் கேளாதது, விலை போகாதது, மறுமொழி பெறாதது. ஆகலின் ஒருதலைக் காமமாகிய கைக்கிளையின்பாற்படும். பாடாண் திணையைக் கைக்கிளையின் புறமாகவே தொல்காப்பியர் வைத்தார். பேனர் எழுதியோர் இரவில் படமும் தீட்டுவர் என்பதை அவர் முன்னரே அறிந்திருந்தார் என முடித்தல், சங்க இலக்கியத்தில் விமானம் முதலாக அனைத்தையும் கண்டெடுக்கும் இன்றைய ஆய்வு முறைக்கு மாறானதன்று.

எனினும், பொருள்தேடும் வேலை கலையைக் கெடுக்கும் என வேறோர் ஊதியத்தில் வாழ்ந்துகொண்டு எழுதும் அறிஞர்கள், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நோக்குவாராக. அங்குள்ள ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றே தங்கள் ஓவியத்துக்கு நிலமும் நேரமும் ஈட்டினர். ஓவியர் கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணிபுரிந்தார். இதழ்களுக்கும் நூல்களுக்கும் எழுத்துரு வரைந்தார். காந்தியைக் கோட்டோவியங்களாகத் தீட்டியவரும் அவரே. அவருக்குக் கிட்டியதும் ஃபிளெக்ஸ் கடைக்காரருக்குக் கிட்டாததும் மாதச் சம்பளமேயன்றித் தத்துவம் அன்று.

ஆதலின், இக்கட்டுரையைப் படிப்போர் பேனருக்குரிய தொகையை முன்பணமாகவே செலுத்திவிடவும், இரவு ஒன்பது மணிக்குமேல் 'ஒரே ஒரு சின்னக் கரெக்‌ஷன்' என்று வடிவமைப்பாளரை அழையாதிருக்கவும் வேண்டப்படுகின்றனர்.