போர்ச்சில் நங்கூரமிட்ட படகும் அதன் ஒலி மேம்பாடும்: செமினித் தாமான் ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

செமினியில் கடல் இல்லை. இதை இவ்வாய்வு ஒரு குறையாகக் கருதவில்லை என்பதை முதற்கண் தெளிவுபடுத்திவிடுவது நன்று. உலு லங்காட் மாவட்டத்து இவ்வூரில் ஆறு உண்டு, அணை உண்டு, ஞாயிறு விடியுமுன் டார்ச் லைட்டோடு கூட்டம் ஏறும் புரோகா குன்று உண்டு, 2005 முதல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் உண்டு. அணைத் தண்ணீர் குடிப்பதற்கு. ஆற்றுத் தண்ணீரோ லங்காட் ஆற்றில் கலந்து, கேரித் தீவுப் பக்கம் மலாக்கா நீரிணையைச் சேர்கிறது. ஆகவே நீரியல் நோக்கில் செமினியும் கடலோர ஊரே என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் இங்கே உல்லாசப் படகு வைத்திருப்பவர் யாரும் ஆற்று வழியாகக் கடலுக்குப் போவதில்லை. டிரெய்லரில் ஏற்றி, லெக்காஸ் நெடுஞ்சாலை பிடித்து, போர்ட்டிக்சனுக்கு இழுத்துப் போகிறார்கள். அதுவும் மாதத்துக்கு ஒரு தரம், மழைக்காலத்தில் அதுவுமில்லை.

மற்ற நாள்களில் படகு நிற்குமிடம் இரட்டை மாடித் தொடர்வீட்டின் போர்ச். படகு 17 அடி. பின்னால் மோட்டார் துருத்திக்கொண்டிருக்கும், முன்னால் டிரெய்லரின் மூக்கு நீண்டிருக்கும், கேட் மூடாது, கார் ரோட்டில் நிற்கும். படகு ஸ்டீரியோ பற்றி எழுதுவோர் எல்லாரும் கடலிலிருந்து தொடங்குவதே அடிப்படைக் கோளாறு என்பது இவ்வாய்வின் துணிபு. படகின் ஸ்டீரியோ நிலத்துக்காகவே பொருத்தப்படுகிறது. கடல் அதற்குச் சொல்லப்படும் காரணம் மட்டுமே. இதுவே நமது கருதுகோள்.

ஆய்வுக்கு இசைந்த உரிமையாளரின் பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது. தாமானுக்குள் வந்து "போட்டு அண்ணன் வீடு எது?" என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

முன்னாய்வு என்று பார்த்தால், நீரோரத்தில் ஒலிக்கருவி பற்றிய மிகப் பழைய எச்சரிக்கை சிலப்பதிகாரத்தின் கானல்வரிதான். புகார்க் கடற்கரையில் மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கோவலனிடம் கொடுக்கிறாள். அவன் பாடுகிறான். பின்பு அவள் வாங்கிப் பாடுகிறாள். அதன் பின் குடும்பம் குடும்பமாக இல்லை. கருவியில் பழுது ஏதுமில்லை, இசையும் உயர்தரம் என்று எல்லா உரையாசிரியர்களும் ஒப்புக்கொள்வர். யார் கையில் கன்ட்ரோல் என்பதே சிக்கலாயிற்று. அடுத்த சான்று 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் நம் தாத்தா பாட்டிமாரைத் தளத்தில் உட்காரவைத்துக் கொண்டுவந்தது. பாட்டு அவரவர் தொண்டையில் வந்தது. ஆம்ப்ளிபயர் பற்றிய குறிப்பு கிடைக்கவில்லை.

நம் காலத்துக்கு வந்தால், கிள்ளான் துறைமுகத்தின் அரச சிலாங்கூர் படகுக் கழகம் 1990 முதல் லங்காவி வரைக்கும் ராஜா மூடா பாய்மரப் போட்டியை நடத்திவருகிறது. பாய்மரக்காரர்களுக்குக் காற்றே மோட்டார். காற்று திசை மாறும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கவேண்டியவர்கள் என்பதால் அவர்கள் நம் ஆய்வுக்குப் புறம்பானவர்கள். உலக அளவில் ஒரே ஒரு செய்தி போதும். கடலில் வழிகாட்டும் கருவி செய்யும் கார்மின் நிறுவனம் 2014இல் ஃபியூஷன் என்ற படகு ஸ்டீரியோ நிறுவனத்தை வாங்கியது; 2023இல் ஜேஎல் ஆடியோவையும் வாங்கியது. எங்கே இருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டவனுக்கு அடுத்த தேவை பாட்டு என்று அவர்கள் கணித்திருக்க வேண்டும்.

இனிக் களம். நம் உரிமையாளரின் முதல் கட்டம் எளிமையானது. பழைய கஞ்சில் காரை விற்குமுன் அதிலிருந்து கழற்றிய ரேடியோ, அதே காரின் கதவு ஸ்பீக்கர் இரண்டு. போர்ச்சில் அவை நன்றாகவே பாடின. மின்னல் 96.3 தெளிவாக எடுத்தது, ராகா 99.3 இன்னும் தெளிவாக எடுத்தது. கடலுக்கு இரண்டு தடவை போய் வந்த பின் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஊறவைத்த அப்பளமாகிவிட்டது. தொட்டால் விரல் உள்ளே போயிற்று. அதைச் சுற்றியிருந்த நுரைவளையம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

கடல் ஸ்பீக்கர் என்று தனியாக ஒன்று இருப்பதன் நியாயம் இங்கேதான் விளங்குகிறது. கூம்பு பாலிபுரொப்பிலீன், வளையம் ரப்பர், திருகு 316 வகை எவர்சில்வர், வெயிலில் மஞ்சளாகாத முகப்பு. அமெரிக்கத் தரச் சோதனை ஒன்றில் 5 விழுக்காட்டு உப்புக் கரைசலை 35 டிகிரி சூட்டில் மூடுபனியாகத் தெளித்து, மணிக்கணக்கில் உள்ளேயே வைத்துப் பார்ப்பார்கள். 35 டிகிரிக்கு அங்கே சூடேற்ற வேண்டியிருக்கிறது. போர்ட்டிக்சனில் மதியம் இரண்டு மணி ஆனால் போதும். ஐபி 67 முத்திரை பெற்ற கருவி ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தண்ணீர் உட்புகாது. அந்த அரை மணி நேரத்தில் படகின் உரிமையாளர் எங்கே இருப்பார் என்பதைப் பற்றித் தரக்குறியீடு ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாம் கட்டத்தில் உரிமையாளரை ஆட்கொண்டது வாட். இது ஆண்களைப் பிடிக்கும் நோய் என்று எழுதினால் தாமானில் தகராறு வரும். அவருடைய தங்கையும் மைவி காருக்கு 1000 வாட் போட்டவர்தான். வாட்டைப் பற்றி இயற்பியல் சொல்வது கொஞ்சம் இரக்கமற்றது. 50 வாட்டை 100 ஆக்கினால் 3 டெசிபெல்தான் கூடும். "ஆமா, சத்தமாத்தான் இருக்கு" என்ற அளவு. இருமடங்கு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ள ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். அதற்கு 50 வாட் 500 வாட் ஆகவேண்டும். காசு வேறு கணக்கில் ஏறும், காது வேறு கணக்கில் ஏறும். இதில் ஒரு மலிவான வழி இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 தருவதை வாங்கினால், ஆம்ப்ளிபயரை இருமடங்காக்கிய பலன் சும்மாவே கிடைக்கும். பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பதால் இது புகழ்பெறவில்லை.

படகில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. காருக்குள் அடைத்துவைத்த பேஸ் எங்கேயும் போக வழியில்லாமல் நெஞ்சில் இடிக்கும். வெட்டவெளியில் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் ஓடிப்போகும். 50 ஹெர்ட்ஸ் பேஸ் அதிர்வின் ஒரே ஓர் அலைக்குக் காற்றில் நீளம் ஏறக்குறைய 6.9 மீட்டர். நம் படகு 5.2 மீட்டர். ஒரு முழு அலை விரிவதற்குப் படகில் இடமே இல்லை. இதை விளக்கிச் சொன்னபோது உரிமையாளர் சற்று யோசித்துவிட்டு, "அப்போ பெரிய போட்டு வாங்கணும்ங்கிறீங்க" என்றார். ஆய்வாளன் அவ்வாறு சொல்லவில்லை.

சப்-ஊஃபர் பெட்டி இருக்கைக்கு அடியில் போயிற்று. நாலு ஸ்பீக்கருக்கு ஃபைபர் உடம்பில் வட்டமாக நாலு துளை வெட்டப்பட்டது. நிற்பவர் தலைக்கு மேல் குழாய்ச்சட்டம் கட்டி இன்னும் இரண்டு. வேலை நடந்தது காஜாங்கில் ஒரு கார் ஆடியோ கடையில். அங்கிருந்த தவுக்கே ஐம்பது வயதைத் தாண்டியவர், வாயில் பல்குச்சி. நம்மவர் மலிவு வயரை எடுத்து நீட்டியதும் அதை வாங்கி ஒரு முனையைச் சீவி, உள்ளே இருந்த செம்பை வெளிச்சத்தில் காட்டினார். "போஸ், வாயார் மூரா தாக் போலே லா. நந்தி ஹித்தாம்" என்றார். மலிவு வயர் ஆகாது, பிறகு கறுத்துப்போகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான அறிவியல் விளக்கத்தை நாம் எந்த நூலிலும் கண்டதில்லை. வெறும் செம்புக் கம்பிக்குள் உப்பு ஈரம் நுழைந்தால் உறைக்குள்ளேயே இரண்டு மூன்று அடி தூரத்துக்குக் கறுத்துக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் தெரியாது. வெள்ளீயம் பூசிய செம்பு வெள்ளையாக இருக்கும், விலை கூட, ஆனால் தாங்கும். ஃபியூஸையும் தவுக்கே பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தார். ஆம்ப்ளிபயர் பக்கத்தில் வைத்தால் ஆம்ப்ளிபயர் மட்டும் பிழைக்கும், நடுவில் ஓடும் பதினைந்து அடி வயர் எரியும். திசைகாட்டிக்கு அருகில் ஸ்பீக்கர் காந்தம் வரக்கூடாது என்றும் சொன்னார். இந்தச் செய்தியை உரிமையாளர் "வடக்கு எந்தப் பக்கமுன்னு எனக்குத் தெரியும்" என்று புறந்தள்ளினார்.

மின்சாரம் பற்றி யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. 500 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 40 ஆம்பியருக்கு மேல். பாட்டு எந்நேரமும் உச்சத்தில் இராது, ஆகவே சராசரி இதில் ஒரு பங்குதான். என்றாலும் சிறிய மோட்டார் ஓடும்போது திருப்பிக் கொடுக்கும் சார்ஜ் பத்து, பதினைந்து ஆம்பியர் அளவில்தான். நங்கூரம் போட்டு மோட்டாரை நிறுத்திவிட்டால் அதுவுமில்லை. கார் பேட்டரி போன்ற ஸ்டார்ட்டர் பேட்டரி ஒரே மூச்சில் நிறையக் கொடுத்துவிட்டு உடனே சாப்பிடும் சாதி. மெதுவாக உறிஞ்சினால் சுருண்டுவிடும். அதனால்தான் பாட்டுக்கு ஒரு டீப்-சைக்கிள் பேட்டரி, மோட்டாருக்கு இன்னொன்று, நடுவில் ஒரு சுவிட்ச் என்று வைப்பார்கள். நம் படகில் இருந்தது ஒன்று. போர்ட்டிக்சனுக்கு வெளியே மத்தியானம் முழுக்கப் பாட்டு ஓடியது. நின்றபோது மோட்டாரும் கிளம்ப மறுத்தது. கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வந்த மீனவரின் சம்பானில் ஸ்டீரியோ என்று ஒன்றும் இல்லை; கம்பத்தில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கியது, அது வழி நெடுகப் பாடிக்கொண்டே வந்தது.

மீன் பற்றிய சர்ச்சையை இங்கே தீர்த்துவைப்பது நம் கடமை. "மச்சான், பாட்ட நிறுத்து, மீனு ஓடுது" என்பது தூண்டிலோடு வந்த மைத்துனரின் நிலைப்பாடு. காற்றிலுள்ள ஒலி தண்ணீர்ப் பரப்பில் மோதினால் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும், மீதி திரும்பிவிடும். ஆகவே தலைக்கு மேலிருக்கும் ஸ்பீக்கரை மைத்துனர் குறைசொல்ல முடியாது. ஆனால் இருக்கைக்கடியில் படகின் உடம்போடு திருகி முறுக்கிய சப்-ஊஃபர் இருக்கிறதே, அது காற்றைக் கேட்காமல் நேரே படகை அதிரவைத்துத் தண்ணீருக்குள் பேசும். கெராப்பு போன்ற மீன்களுக்கு நன்றாகக் கேட்பதும் அந்தத் தாழ்ந்த ஒலிதான். ஆகவே மைத்துனர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதி எது என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வாய்வின் மிக முக்கியமான தரவு ஒரு மாலை நேரத்தில், கரைக்குக் கொஞ்ச தூரத்தில், எதிர்பாராமல் கிடைத்தது. ஸ்பீக்கர் எல்லாம் புதிது, ரேடியோ மட்டும் வேறு காரிலிருந்து வந்தது. புளூடூத்தில் அழைப்பு வந்தால் தானாகவே எடுத்துவிடும் வகை. சப்தம் முக்கால்வாசியில் இருந்தது. பாட்டு அறுந்தது. தலைக்கு மேலிருந்த இரண்டு ஸ்பீக்கரிலும், கீழே நாலிலும் ஒரே நேரத்தில் குரல் வந்தது: "எங்க இருக்கீங்க? கேஸ் முடிஞ்சிபோச்சி. வரும்போது ஒரு தோங் கேஸ் எடுத்துட்டு வாங்க. போன தடவ மாதிரி மறந்துட்டு வந்து நிக்காதீங்க." அந்திவேளையில் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்திருந்தால் ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கி வெகுதூரம் செல்லும் என்பது நூற்றாண்டு கடந்த அறிவு. கரையில் பாய் விரித்துச் சோறு பிரித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் நிமிர்ந்து பார்த்தன. பக்கத்துப் படகிலிருந்த சீன அங்கிள் கட்டைவிரலை உயர்த்தினார். ஒலியின் தெளிவில் யாருக்கும் குறையில்லை. அவசர அழைப்புக்கான விஎச்எஃப் 16ஆம் சேனலை அந்தச் சத்தத்தில் யாராலும் கேட்டிருக்க முடியாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். கரையிலிருந்த அவசரம் மட்டும் கேட்டுவிட்டது.

இனிக் கருதுகோளுக்கு வருவோம். அந்தக் குரலுக்குரிய அக்காவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. டிரெய்லரிலிருந்து படகு இறங்கிய பின் அவர் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. ஆனால் போர்ச்சில் நிற்கும் படகில் மாலை ஆறு மணிக்கு ஏறுவார். பிளாஸ்டிக் ஸ்டூலில் கால் வைத்து ஏறி, இருக்கையில் சாய்ந்து, ஒரு கோப்பை தேநீரோடு பி. சுசீலாவைப் போடுவார். போர்ச்சுக்குக் கூரை இருக்கிறது, இரண்டு பக்கம் சுவர் இருக்கிறது. கடலில் பறந்துபோன பேஸ் இங்கே திரும்பி வருகிறது. சார்ஜருக்கு வீட்டுக்குள்ளிருந்தே வயர் இழுத்திருப்பதால் பேட்டரியும் சாவதில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் இதுவரை காஜாங் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதவில்லை. எதிர்வீட்டு மக்சிக் மட்டும் ஒரு முறை வந்து, அந்தப் பாட்டை மறுபடி போடச் சொல்லிவிட்டுப் போனார். அறிவியல் விதிகள் அத்தனையும் ஒருங்கே ஒத்துழைக்கும் ஒரே இடம் செமினிப் போர்ச்தான் என்பது இங்ஙனம் ஐயமற நிறுவப்பட்டது.

முடிவை உரிமையாளரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. அடுத்த வாரமே இணையத்தில் விளம்பரம் போட்டார்: "17 அடி ஃபைபர் படகு, மோட்டாருடன், டிரெய்லருடன் விற்பனைக்கு. ஸ்டீரியோ சேராது." பார்க்க வந்த முதல் ஆள் படகைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, வட்டமாக வெட்டிய நாலு துளைகளையும் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "படகுல ஏன்ணே இவ்ளோ ஓட்ட?" என்று கேட்டார். பேரம் இன்னும் முடியவில்லை. விலையில் நூறு இருநூறு வெள்ளி குறைக்கலாம், ஆனால் ஓட்டைக்காகக் குறைக்க முடியாது, அதுக்குத்தான் நிறையச் செலவாயிற்று என்பது உரிமையாளரின் நிலைப்பாடு.