புரொபசர் எண்ணிய வயிறுகள்

குருப்பெயர்ச்சி சமயத்தில் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் யாராவது மஞ்சள் துண்டும் கொண்டைக்கடலை மாலையுமாக இறங்கினால் டீக்கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

"அண்ணே, குரு கோயில் எந்தப் பக்கம்?"

"குரு இங்க இல்லண்ணே. அவர் இருக்கிற ஆலங்குடி வலங்கைமான் பக்கம், திருவாரூர் மாவட்டம். இது புதுக்கோட்டை ஆலங்குடி. பலாப்பழம் வேணா வாங்கிட்டுப் போங்க."

பெயர் சரி, ஊர் வேறு. இந்தக் குழப்பத்தையே தொழிலாக வைத்து முன்னூறு ஆண்டு ஓட்டிய கூட்டம் ஒன்று உண்டு. டயாட்டம் ஆராய்ச்சியாளர்கள் என்று பெயர்.

குளத்துப் படியில் கால் வைத்ததும் வழுக்குகிறதே, அந்தப் பழுப்பு வழவழப்பைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் டயாட்டம் தெரியும். ஒற்றைச் செல் பாசி. சிலிக்காவில் வீடு கட்டிக்கொள்ளும். எவர்சில்வர் டப்பாவும் மூடியும் போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய இரண்டு ஓடுகள், ஓடு நிறைய வரிசை வரிசையாகத் துளைகள். செத்தால் உள்ளே இருப்பது மக்கும், ஓடு மக்காது. ஏரியடியிலும் கடலடியிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து வெள்ளை மண்ணாகிவிடும். அந்த மண்தான் நம் கதை.

1703-இல் இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறக் கனவான், குளத்துக் களையின் வேரில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்து, தாவரமாகத்தான் இருக்கும் என்று ராயல் சொசைட்டிக்கு எழுதினார். சரியாகச் சொன்னார். என்ன பிரயோசனம்? பெயர் போட மறந்தார். வெகுகாலம் அவர் யாரென்றே தெரியவில்லை.

அடுத்து வந்தவர் பெயர் போட மறக்காத ஆசாமி. பெர்லின் புரொபசர் கிறிஸ்டியான் காட்ஃப்ரீட் எஹ்ரன்பெர்க். தண்ணீர்ப் பூச்சிகளுக்கு அவுரிச் சாயம் கலந்து கொடுத்தார், உள்ளே நீலப் புள்ளிகள் தெரிந்தன. ஆகா, வயிறு! ஒன்றா இரண்டா, ஏகப்பட்ட வயிறு! உடனே 'பல வயிறுடையவை' என்று ஒரு குலத்தையே நிறுவி, டயாட்டத்தையும் அதில் தள்ளிக் கதவைச் சாத்தினார். 1838-இல் 64 படத்தகடுகளோடு பெரிய புத்தகம் வந்தது. அதன்படி டயாட்டம் குட்டியான, ஆனால் குறையொன்றுமில்லாத மிருகம். ஒரு வயிறும் இல்லாத ஜீவனுக்கு இத்தனை வயிறு வைத்தவர் சரித்திரத்தில் வேறு எவருமில்லை.

மனிதரைக் கேலி செய்துவிட்டு நகரவும் முடியாது. 1836-இல் கார்ல்ஸ்பாத் பக்கத்துப் பீங்கான் தொழிற்சாலைக்காரர் ஃபிஷர், சேற்றிலிருந்து எடுத்த வெள்ளை மாவில் ஏதோ ஓடுகள் தெரிகின்றன என்று அவரிடம் காட்டினார். எஹ்ரன்பெர்க்குக்குப் பொறி தட்டியது. பொஹீமியாவின் பிலின் ஊரிலிருந்து வரும் பாலிஷ் கல்லை எடுத்துப் பார்த்தால், கல் மொத்தமும் டயாட்டம் ஓடு. கன அங்குலத்துக்கு 4,100 கோடி என்று கணக்கும் சொன்னார். உட்கார்ந்து எண்ணிச் சரிபார்க்க எவன் வருவான் என்ற தைரியம். ஐரோப்பாவில் அந்த மாதிரி மண் பல்பொடியிலும் சேர்ந்தது. நம் பாட்டிமார் உமிக்கரியில் பல் தேய்த்தார்களே, அங்கேயும் வேலை செய்தது சிலிக்காதான். நெல் உமியில் அது ஏராளம். என்ன, பாட்டி கன அங்குலக் கணக்கு கேட்கவில்லை.

உலகத்து மண்ணெல்லாம் பெர்லினுக்குத் தபாலில் போக ஆரம்பித்தது. டார்வினும் ஒரு பொட்டலம் அனுப்பினார். தென்னமெரிக்காவின் தெற்கு முனையில் ஃபியூஜிய மக்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் வெள்ளைச் சாயம் அது. எஹ்ரன்பெர்க் ஆராய்ந்து, இதில் இருப்பவை அத்தனையும் நன்னீரில் வாழ்பவை என்று தீர்ப்பளித்தார். டார்வினுக்கு ஒரே பரவசம். ஏனென்றால் அந்த மண்ணை மலை ஓடைகளின் அடியிலிருந்துதான் எடுப்பார்கள் என்று ஜெம்மி பட்டன் என்ற ஃபியூஜியர் அவரிடம் சொல்லியிருந்தார். மைக்ராஸ்கோப்பின் மகிமைக்கு இதை அழகான சான்றாக டார்வின் குறித்துவைத்தார். ஜெம்மியின் மகிமைக்கும் அதுவே சான்று என்று எனக்குப் படுகிறது. அவர் லென்ஸே இல்லாமல் சொன்னார்.

விக்டோரியா காலத்தில் இது பைத்தியமாக முற்றியது. பெரு நாட்டிலிருந்து உரத்துக்காகக் கப்பல் கப்பலாகப் பறவை எச்சம் வந்து இறங்கியது. டயாட்டத்தை நுண்ணுயிர் தின்னும், அதை மீன் தின்னும், மீனைப் பறவை தின்னும். ஓடு மட்டும் ஜீரணமாகாமல் மறுபக்கம் வந்துவிடும். விவசாயி அதை வயலில் போட்டான். பாதிரியாரும் டாக்டரும் அதையே வீட்டுக்குக் கொண்டுபோய் நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, மிஞ்சியதை ஸ்லைடில் வைத்து ரசித்தார்கள். வீட்டம்மாக்கள் என்ன சொன்னார்கள் என்பதை எந்தச் சங்கத்தின் இதழும் அச்சிடவில்லை. கல்கத்தாவில் பிறந்த ராணுவ டாக்டர் ஜார்ஜ் சார்ல்ஸ் வாலிச் இன்னும் ஒரு படி மேலே போய், கடலில் மிதக்கும் சால்ப்பா என்ற பிராணியின் குடலைக் கிழித்து டயாட்டம் தேடினார். 1860-இல் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்.

பிறகு சண்டை. ப்ளூரோசிக்மா என்ற டயாட்டத்தின் மேல் இருக்கும் புள்ளி வட்டமா அறுகோணமா, மேடா பள்ளமா? லென்ஸ் வாங்கிக் கடனாளியான கனவான்கள் இதற்காக முகம் பார்க்காமல் இருந்தார்கள். அவரவர் பார்த்ததை அவரவர் வரைந்தார்கள், விரும்பியது படத்தில் வந்தது. விஷயம் இவ்வளவுதான்: நுண்குவியத் திருகை மயிரிழை மேலே திருப்பினால் புள்ளி வெள்ளையாகத் தெரியும், கீழே திருப்பினால் அதே புள்ளி கறுப்பாகும். விளக்கைச் சாய்த்தால் புள்ளியெல்லாம் கோடாகிவிடும். இரண்டு பேரும் பார்த்தது உண்மைதான், திருகு நின்ற இடம் வேறு.

போட்டோ வந்தால் சண்டை தீரும் என்று நம்பினார்கள். வாஷிங்டன் ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தில் ஜோசப் ஜான்வியர் உட்வர்ட், கண்ணாடி வைத்துச் சூரியனைப் பிடித்து லென்ஸுக்குள் செலுத்தி டயாட்டத்தைப் படமெடுத்தார். 1865-இல் சுடப்பட்ட லிங்கனின் பிரேதப் பரிசோதனையைச் செய்த இருவரில் ஒருவர் இவர். மேகம் வந்தால் அவர் வேலை நின்றுவிடும். எங்கள் ஊருக்கு மாற்றல் கேட்டிருக்கலாம், வெயிலுக்கு இங்கே குறைவில்லை.

படம் எடுப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. மண்ணை அமிலத்தில் கொதிக்கவைத்து, தெளியவிட்டு, கொட்டி, திரும்பத் திரும்ப அலச வேண்டும். ஒரு சொட்டை மெல்லிய கண்ணாடியில் காயவைத்தால் கண்ணுக்குத் தெரிவது லேசான வெண்படலம். சாதாரணப் பிசினில் பதித்தால் அதுவும் காணாமல் போகும், ஏனென்றால் ஓடும் பிசினும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளைக்கும். அதனால் சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட உறவான ஸ்டோராக்ஸ் பிசினைப் பிடித்தார்கள். இத்தனையும் செய்து எட்டிப் பார்த்தால் நமக்கு வேண்டியது பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருக்கும். முகம் தெரியாமல் பெயர் வைக்க முடியாது. அடுத்த ஸ்லைடு.

இந்தப் பொறுமை சென்னையில் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலுக்கு வித்திட்ட எம்.ஓ.பி. அய்யங்காரின் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி. 1958-இலேயே மகேஷ்வரியோடு சேர்ந்து அந்தமானின் கோல்ப்ரூக் தீவுப் புதைபடிவ டயாட்டங்களைப் பற்றி எழுதினார். 1986 தொடங்கி 1989 வரை மெட்ராஸ் சயின்ஸ் ஃபவுண்டேஷன் மூலம் 'டயாட்டம் அட்லஸ்' பகுதி பகுதியாக வந்தது. நான்காம் பகுதியிலேயே தகடு எண் 400-ஐ எட்டிவிட்டது. பேச்சு கம்மி, படம் ஜாஸ்தி. வயிறு எதுவும் இல்லை.

நிக்கோபார் மண்ணை 1846-இல் டேனிஷ் கப்பல் அள்ளிப்போய், அது எஹ்ரன்பெர்க்கின் மேஜை வரை போனதற்குப் பதில் மொய் வைப்பது மாதிரி ஒரு காரியமும் நடந்தது. நியூசிலாந்தின் ஓமரு மண், 1880-களில் குரோவ், ஸ்டர்ட் என்ற இரு ஆங்கிலேயர் பட்டியலிட்ட பிரபலமான மண். அதைத் தேசிகாச்சாரியும் பி.எம். ஸ்ரீலதாவும் எடுத்துக்கொண்டு 1989-இல் 145 தகடுகளோடு தனிப் புத்தகமே போட்டார்கள். ஓமருக்காரர் தன் ஊர் மண்ணைத் தானே பார்த்துப் பெயர் தெரியாமல் முழித்தால், இந்த இரண்டு பேரின் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். ஜெர்மன் பதிப்பு, விலையைக் கேட்டுவிட்டுப் புரட்டுவது நல்லது.