பாழ்மண்டபப் பிரியர்

கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். "அன்னைக்கு ஒரு ஷூட் இருக்கே சார்" என்று நழுவிவிடுவார். ஊர்க்கோடியில் ஒரு வீடு கூரை விழுந்து, கூடத்தில் எருக்கு முளைத்துக் கிடக்கிறது என்று காதில் போட்டுப் பாருங்கள். விடிகாலை நாலு மணிக்கு பைக்கை உதைத்துவிடுவார். பாழ்மண்டபப் பிரியர் என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். பிரியர் என்றாலும் போதும்.

வயது முப்பத்தைந்து இருக்கும். வாரத்தில் ஐந்து நாள் ஐடி கம்பெனி, மீதி இரண்டு நாள் ஒட்டடை. முதுகுப் பையில் டார்ச், ட்ரைபாட், கொசுக் களிம்பு ஆகியவற்றோடு ஒரு கால் இல்லாத பிளாஸ்டிக் பொம்மை ஒன்றும் இருக்கும். பொம்மை எதற்கு என்றால், மாடிப்படியில் வைத்துப் படமெடுக்க. "இந்த வீட்டுக் குழந்தை விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும் சார்."

இந்தப் பொம்மை யோசனை இவருடைய சொந்தச் சரக்கு அல்ல. 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. மறுநாளே பக்கத்திலிருந்த பிரிப்யாட் நகரத்து ஜனங்களை பஸ்களில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மே தினத்தன்று திறக்க இருந்த ராட்டினம் திறப்பு விழா காணாமலே துருப்பிடித்து நிற்கிறது. பிரியரின் செல்போன் முகப்பில் அந்த ராட்டினம்தான். மனைவி, மக்கள் படமெல்லாம் உள்ளே ஃபோல்டரில். அந்த ஊர்ப் பள்ளிகளில் முகமூடியோடு உட்கார்ந்து நம் நெஞ்சை உருக்கும் பொம்மைகளில் பலவற்றை, பின்னால் வந்த படக்காரர்கள்தான் அப்படி உட்கார வைத்தார்கள். சோகத்துக்கும் கொஞ்சம் மேக்கப் வேண்டியிருக்கிறது.

ஏன் இந்த ஆசை என்று கேட்டால், "காலம் அப்படியே உறைஞ்சு நிக்குது சார்" என்பார். நம்பாதீர்கள். அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஆசைதான் இது. கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. மனிதர்கள் குடியிருக்கும் வீட்டில் விருந்தாளிக்கு முன்கூடம்தான் எல்லை. ஒரு காபி, நாலு பேச்சு, புறப்பட்டுவிட வேண்டும். ஆளில்லாத வீட்டில் அடுக்களைக்குப் போகலாம், பரணில் ஏறலாம், பீரோவைத் திறக்கலாம். "யாரைப் பார்க்கணும்?" என்று யாரும் கேட்பதில்லை. செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம்.

ஒரு முறை இடிந்த வீட்டு அடுக்களைச் சுவரில் பென்சிலால் எழுதிய பால் கணக்கு அவர் கண்ணில் பட்டது. திங்கள் அரைப்படி, செவ்வாய் அரைப்படி, புதன் இல்லை, வியாழன் ஒரு படி. அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறார். புதன்கிழமை ஏன் பால் வாங்கவில்லை? வீட்டில் ஆள் இல்லையா, கையில் காசு இல்லையா? வியாழன் ஒரு படி என்றால் விருந்தாளியா, பாயசமா? சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் மனைவி எழுதிய பால் கணக்கு ஒன்று தொங்குகிறது. அதை அவர் இன்றுவரை படித்ததாகத் தகவல் இல்லை.

பயமும் ஒரு ருசிதான். ஆனால் பிரியர் பயப்படுவது பேய்க்கு. பயப்பட வேண்டியதோ தலைக்கு மேலிருக்கும் மெட்ராஸ் டெரஸுக்கு. வரிசையாகப் போட்ட தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் பிடித்த தளம் அது. மழைநீர் இறங்கினால், சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனைதான் முதலில் உளுக்கும். வெளியே தெரிகிற பாகம் மாப்பிள்ளை மாதிரி மினுமினுப்பாக இருக்கும். பிரியர் அதற்கு நேர் கீழே நின்று செல்ஃபி எடுப்பார்.

காரைக்குடிப் பக்கம் போனால் அவருக்குச் சோதனை வேறு விதம். பர்மா தேக்கில் தூண், ஆத்தங்குடிக் கல்லில் தரை, தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. வாசலில் கனத்த பூட்டு. பார்த்ததும் "கைவிடப்பட்ட மாளிகை" என்று தலைப்பு எழுதிவிட்டார். திண்ணையில் துண்டை விரித்துப் படுத்திருந்த காவல்காரப் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "கைவிடவெல்லாம் இல்லைங்க. பங்காளிக மெட்ராஸ்லயும் மலேசியாவுலயும் இருக்காக. தை மாசம் படைப்புக்கு எல்லாரும் வருவாக. கரண்டு பில்லு நேத்துதான் கட்டுனேன்." பிரியரின் முகம் விழுந்துவிட்டது. ஒரு வீடு நன்றாக இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு வருத்தப்பட்ட மனிதரை அந்தப் பெரியவர் பார்த்திருக்க மாட்டார்.

தனுஷ்கோடியிலும் இதே கதை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையே கடலில் இழுத்துப் போட்டது. மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசாங்கம் அறிவித்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்ததும், மணலில் குலுங்காமலே சோகத்தைப் போய்ப் பார்க்க வசதியாகிவிட்டது. மொட்டைச் சுவராக நிற்கும் தேவாலயத்துக்கு எதிரே பிரியர் ட்ரைபாட்டை நிறுத்தினார். ஃப்ரேமுக்குள் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண்மணி.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க. ஆள் இல்லாத ஊருன்னு காட்டணும்."

"நாங்க இங்கனதான் தம்பி குடியிருக்கோம்."

"தெரியும்க்கா. ரெண்டே நிமிஷம்."

அந்த அம்மாள் தள்ளி நின்றார். ஆள் இருக்கும் ஊர் படத்தில் பேயூராக வந்தது. லைக்குகள் குவிந்தன.

அத்துமீறி நுழைவது குற்றமில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 329-ஆம் பிரிவு இருக்கிறது. குற்றம் செய்யவோ, இடத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ நினைத்து நுழைந்தால் அது பாயும். எரிச்சலூட்டும் எண்ணம் பிரியருக்கு இல்லவே இல்லை. அது தானாக நடந்துவிடுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். பிரியருக்கு ஊரில் தாத்தா கட்டிய வீடு ஒன்று உண்டு. பின்கட்டுச் சுவர் சரிந்துவிட்டது, ஓடு மாற்ற வேண்டும், ஆளுக்கு இவ்வளவு என்று சித்தப்பா போன் செய்தபோது, பிரியர் ஒரு பழைய நூற்பாலைக்குள் வௌவால்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். "கையில இப்ப டைட்டு சித்தப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்." சுவர் முழுக்க விழுந்தபின் வந்து பிரமாதமாகப் படம் எடுப்பார். சந்தேகமே வேண்டாம்.

உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கும் வீடு இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் கேமராவோடு வந்து நிற்கலாம். விரட்டாதீர்கள், தாராளமாக உள்ளே விடுங்கள். கேமராவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கையில் ஒட்டடைக் கம்பைக் கொடுங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றையும் பிடுங்கச் சொல்லுங்கள். வேரோடு பிடுங்க வேண்டும். மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி துளிர்த்துவிடும்.